தமிழ்99 விசைப்பலகைக்கு ஏற்ப அமைத்துக்கொண்ட விம், பாஷ்

உரையைத் திருத்த உதவும் விம் எடிட்டரில் ஒரு வரியை நீக்க டி விசையை இருமுறை தட்ட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் அதே டி விசையில்தான் உகரம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்களின் இடைமுகச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் இறங்கிய முதல் சில மாதங்களில், ஒரு சொற்றொடரைத் தமிழில் அடித்து முடித்து, எஸ்கேப் விசையை அழுத்தி, விசைகள் எழுத்தாக விழாமல் கட்டளையாகச் செயல்படும் கட்டளை நிலைக்கு வந்து, கீழே இருக்கும் வேண்டாத வரியை நீக்குவதற்காக டி-யை இருமுறை தட்டுவேன். எடிட்டருக்குப் போய்ச் சேர்வதோ 'உஉ'. உகரம் என்றொரு கட்டளை விம்முக்குத் தெரியாது. ஆகவே எதுவும் நடக்காது. கீழ்வரிக்குச் செல்ல ஜே தட்டினால் பகரமும், மேல்வரிக்குச் செல்ல கே தட்டினால் மகரமும் போகும். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு நீக்கி, மறுபடியும் தமிழுக்கு மாற்றி அடுத்த சொற்றொடரைத் தொடங்குவதற்குள், மனத்தில் உருவாகியிருந்த மொழிபெயர்ப்பு கலைந்துபோயிருக்கும். ஒரு கோப்பில் முந்நூறு சொற்றொடர்கள் இருந்தால் இந்த மாற்றமும் ஏறக்குறைய அறுநூறு முறை நிகழும்.

கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் ஷெல்லையும் எடிட்டரையும் அவரவர் தேவைக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை வண்ணத் தொகுப்பில் தொடங்கி, வேறொருவருடைய அமைப்புக் கோப்புகளை அப்படியே இறக்கிக்கொள்ளும்படி சொல்லி முடிகின்றன. நானும் அப்படி இரண்டு முறை இறக்கிப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான வரிகளில் எனக்குப் பயன்பட்டவை பத்துக்கும் குறைவு. என்னுடைய உண்மையான இடர்ப்பாடான இந்த 'உஉ' சிக்கலுக்கு அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெற்றுக் கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு வரி கோப்புக்குள் வருவதற்கு முன், அது எந்தத் தொல்லையை நீக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிய வேண்டும் என்பது மட்டுமே நான் வைத்துக்கொண்ட விதி.

விம்மில் கீமேப் என்றொரு வசதி இருக்கிறது. இயங்குதளத்தின் உள்ளீட்டு முறையை நாடாமல் எடிட்டரே விசைகளை வேறு எழுத்துகளாக மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றம் எழுத்து அடிக்கும் செருகு நிலையிலும் தேடல் வரியிலும் நடக்கும், கட்டளை நிலையை அது தொடுவதில்லை. கன்ட்ரோலையும் 6-ஐயும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். அதாவது, எழுதும்போது தமிழ். எஸ்கேப் அழுத்திய கணமே டி என்பது டி-யாகவே எடிட்டரைச் சேரும். எனக்கு வேண்டியது இதுவேதான். ஆனால் விம்மோடு சேர்ந்து வரும் தமிழ் கீமேப், யுனிகோடு பரவலாவதற்கு முன்பு புழங்கிய திஸ்கி குறியாக்கத்துக்காக எழுதப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில்தான் என் விரல்கள் பழகியிருந்தன. ஆகவே கீமேப் கோப்பை நானே எழுத வேண்டியிருந்தது.

எழுதினேன் என்பதைவிட, ஷெல்லைக் கொண்டு எழுதவைத்தேன் என்பது பொருந்தும். கீமேப் கோப்பின் அமைப்பு எளியது: வரிக்கு ஒரு விசைத்தொடர், இடைவெளி, அது தர வேண்டிய எழுத்து. எச் விசைக்குக் க, எச்சுக்குப் பின் எஸ் வந்தால் கி, எச்சுக்குப் பின் எஃப் வந்தால் க். என் ஷெல்லான பாஷில் ஒரு வளையத்துக்குள் மற்றொரு வளையமாக, வெளியே பதினெட்டு மெய்களும் உள்ளே பதினொரு உயிர்க்குறிகளும் சுற்றும்படி பத்து வரி நிரல் ஒன்று எழுதினேன். 198 உயிர்மெய்கள் வந்து விழுந்தன. அகரமேறிய 18, புள்ளி வைத்த 18, உயிர் 12, ஷிஃப்டோடு எஃப் அழுத்தினால் வரும் ஆய்தம் 1 என்று சேர்த்துக் கூட்டினால் 247. பள்ளியில் மனப்பாடம் செய்த அதே எண், என் திரையில் ஒரு கோப்பின் வரி எண்ணிக்கையாக வந்து நின்றபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தமிழ்99 அமைப்பின் அழகு இந்த 247-க்கு அப்பால்தான் இருக்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். கக என்று தட்டினால் க்க கிடைக்கும். மெல்லினத்தை அடுத்து அதன் இணையான வல்லினம் வந்தாலும் அப்படியே. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய ஆறுக்கும் புள்ளி தட்ட வேண்டியதில்லை. இரட்டிப்பு வேண்டாத இடத்தில், எடுத்துக்காட்டாக மமதை என்று எழுதும்போது, இரு மகரங்களுக்கு நடுவே ஓர் அகரம் தட்ட வேண்டும். இவை ஒவ்வொன்றையும் கீமேப்புக்குச் சொல்ல வேண்டும். க்க என்பதோடு க்கா, க்கி என்று எல்லா உயிர்களுக்கும் சொல்ல வேண்டும். இரட்டித்த மெய்களுக்கு 216 வரிகள், மெல்லின இணைகளுக்கு 72, இடையில் வரும் அகரத்துக்கு 18. கிரந்த எழுத்துகளைச் சேர்க்காமலேயே கோப்பு 553 வரிகளாயிற்று. கையால் அடித்திருந்தால் எங்கோ ஓரிடத்தில் னகரமும் நகரமும் இடம் மாறியிருக்கும்.

கோப்பு தயாரானதும் வேறொரு சிக்கல் முளைத்தது. வேகமாக அடிக்கும்போது கி சரியாக வந்தது. சற்று யோசித்து நிதானமாக அடித்தால் 'கஇ' என்று பிரிந்து விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. எச் விசை தனியாகவும் பொருள் தருகிறது, எச்-எஸ் என்ற தொடரின் முற்பகுதியாகவும் பொருள் தருகிறது. ஆகவே அடுத்த விசைக்காக விம் காத்திருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு 1000 மில்லிவினாடி என்று இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. அது கடந்தால் கிடைத்தவரை போதும் என்று க-வை எழுதிவிடுகிறது. பிறகு வரும் எஸ் தனி இகரமாகிறது. மொழிபெயர்ப்பவருக்கு ஒரு சொல்லின் நடுவே ஒரு வினாடி தயங்குவது வழக்கத்துக்கு மாறானதன்று. நோடைம்அவுட் என்ற அமைவை இட்டால் விசைத்தொடர்களுக்கான கால எல்லை நீங்கிவிடுகிறது. ஆனால் அதை மட்டும் இட்டுவிட்டால் எஸ்கேப் விசையும் காத்திருக்கத் தொடங்கும், ஏனெனில் ஷெல்லும் விம்மும் ஓடும் எழுத்துச் சாளரமான டெர்மினலில் அம்புக்குறி போன்ற விசைகள் எஸ்கேப் என்ற குறியீட்டில் தொடங்கும் தொடர்களாகவே வந்து சேர்கின்றன. டிடைம்அவுட் என்ற இன்னோர் அமைவையும் இட்டு, விசைக் குறியீடுகளுக்கு மட்டும் 50 மில்லிவினாடி எல்லை கொடுத்ததும் இரண்டும் சரியாயின. அடுத்த விசை விழும்வரை க இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எச் தெரியும். அது ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டது.

அதே எஸ்கேப் விசை டிமக்ஸுக்குள் மட்டும் தொடர்ந்து மந்தமாகவே இருந்தது. ஒரே சாளரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள நான் டிமக்ஸைப் பயன்படுத்துகிறேன். அதற்கும் எஸ்கேப்பை அடுத்து ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கும் தனி அமைவு ஒன்று இருக்கிறது, நான் வைத்திருந்த பதிப்பில் அதன் இயல்பு அளவு 500 மில்லிவினாடி. அதைப் பத்தாகக் குறைத்தேன். விம்மின் மூதாதையான விஐ எடிட்டரை 1976-இல் எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எஸ்கேப் விசை, இன்றைய டேப் விசை இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு அருகிலேயே இருந்தது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகளும் பொறிக்கப்பட்டிருந்தன. நிலை மாறுவதற்கு அந்த விசையை அவர் தேர்ந்தெடுத்தது அந்த முனையத்தில் மிக இயல்பான செயல். இன்றைய விசைப்பலகையில் அது மூலைக்குப் போய்விட்டதால், கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொண்டேன். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் அந்த விசையை இழப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

தமிழ் எழுதுவோர் அனைவரும் விம்மில் இட்டுக்கொள்ள வேண்டிய வரி என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், டெல்கம்பைன் என்ற அமைவைச் சொல்வேன். இயல்பு நிலையில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கி முழுவதுமாக அழிகிறது. இந்த அமைவு இருந்தால் முதலில் கொக்கி மட்டும் அழிந்து க நிற்கும். கி என்பதைக் க என்று திருத்துவதற்கு மெய்யை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. கூடுதலாக விழுந்த கொக்கியையோ புள்ளியையோ நீக்கும்போது இந்த ஒரு வரி எனக்கு மிச்சப்படுத்தும் விசைத்தட்டல்கள் மிகுதி.

மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கான குறுக்குவழி ஒன்றும் வைத்திருக்கிறேன். பிஓ எனப்படும் அந்தக் கோப்பில் ஒவ்வொரு பதிவிலும் மூலச் சொற்றொடர் ஒரு வரியிலும், மொழிபெயர்ப்பு அதற்கடுத்த வரியில் மேற்கோள் குறிகளுக்குள்ளும் இருக்கும். மொழிபெயர்க்காத பதிவில் அந்த மேற்கோள் குறிகள் வெறுமையாக இருக்கும். ஆகவே வெறுமையான மேற்கோள் குறிகளைத் தேடினால் அடுத்த வேலைக்குத் தாவிவிடலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் நீளமான மொழிபெயர்ப்புகளும் முதல் வரியில் வெறுமையான மேற்கோளோடு தொடங்கி, கீழ்வரிகளில் தொடர்வது இந்தக் கோப்புகளின் வழக்கம். வெறுமையான மேற்கோளுக்கு அடுத்த வரியும் வெற்று வரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி தேடல் வடிவத்தை மாற்றினேன். அப்படியும் ஒரு கோப்பை முடித்து அனுப்பிய பிறகு ஒரு சொற்றொடர் விடுபட்டிருப்பது தெரியவந்தது. கோப்பின் கடைசிப் பதிவுக்குப் பின் வெற்று வரி இருப்பதில்லை, கோப்பே முடிந்துவிடுகிறது. 'வெற்று வரி அல்லது கோப்பின் முடிவு' என்று இன்று அந்த வடிவம் இருக்கிறது.

ஷெல் பகுதிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. 1989-இல் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷையே வைத்துக்கொண்டேன். இஸட்ஷெல், ஃபிஷ் ஆகியவற்றில் பல வசதிகள் கூடுதலாக இருந்தாலும், நான் தொலைவிலிருந்து நுழைந்து வேலை செய்யும் வழங்கிகள் எல்லாவற்றிலும் பாஷ் ஏற்கெனவே இருக்கிறது. பழைய கட்டளைகளின் வரலாறு இயல்பாக 500 வரிகளே நிற்கும். அதை ஐம்பதாயிரமாக உயர்த்தி, ஒரு சாளரம் மூடும்போது மற்றொன்றின் வரலாற்றை அழித்து எழுதாமல் கடைசியில் சேர்க்கும்படி செய்தேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால், அதுவரை அடித்த எழுத்துகளில் தொடங்கும் பழைய கட்டளைகள் மட்டும் வரும்படி, பாஷில் விசைத்தட்டல்களைக் கையாளும் ரீட்லைனின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் சேர்த்தேன். இவை மட்டும் போதும் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

ஷெல்லில் நான் எழுதிய செயற்கூறு (பெயரை அடித்தால் ஓடும் சிறு நிரல்) ஒன்று ஒவ்வொரு நாளும் பயன்படுகிறது. மொழிபெயர்ப்புக் கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் தொகுப்பில் உள்ள எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சரிபார்ப்பு, புள்ளிவிவரம் ஆகிய விருப்பங்களோடு அழைத்து, மூலத்தில் உள்ள சதவீதக் குறியீடுகள் (ஓடும்போது எண்ணோ பெயரோ வந்து அமரும் இடங்கள்) மொழிபெயர்ப்பிலும் இருக்கின்றனவா, எத்தனை சொற்றொடர்கள் முடிந்தன, எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று அது சொல்லும். தமிழில் சொல்வரிசை மாறுவதால் இந்தக் குறியீடுகள் இடம் மாறுவது இயல்பு. ஒன்று விடுபட்டால் மென்பொருளே நின்றுபோகக்கூடும். பாஷில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க இயலாது, ஆனால் செயற்கூறுகளுக்கு வைக்கலாம். இதற்குச் 'சரிபார்' என்று பெயர் வைத்துச் சில நாள் மகிழ்ந்தேன். ஆனால் கீமேப் விம்முக்குள் மட்டுமே வேலை செய்யும். ஷெல்லில் தமிழ் அடிக்க இயங்குதளத்தின் உள்ளீட்டு முறைக்கு மாற வேண்டும். நான் தப்பித்து வந்த அதே மாற்றம் மறுபடியும் நுழைந்துவிட்டது. இரண்டெழுத்து ஆங்கிலப் பெயருக்கே திரும்பிவிட்டேன்.

நீளத்தை அளக்க இன்னொரு செயற்கூறும் உண்டு. தமிழ்ச் சொற்கள் மூலத்தைவிட நீண்டு, பொத்தானுக்குள் அடங்காமல் போவது மொழிபெயர்ப்பாளர்கள் அனைவரும் அறிந்த தொல்லை. 'தமிழ்' என்ற சொல்லை டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்து பைட்டுகளை எண்ணச் சொன்னால் 15 என்கிறது. குறியீடுகளை எண்ணச் சொன்னால் 5 என்கிறது. நாம் அறிந்த எண்ணிக்கை 3. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளைப் பிடிப்பதும், மி என்பதும் ழ் என்பதும் இரண்டிரண்டு குறியீடுகளாக இருப்பதும் இந்த வேறுபாட்டின் காரணங்கள். கிரெப் கட்டளையின் பெர்ல் வகைத் தேடலில், பேக்ஸ்லாஷோடு பெரிய எக்ஸ் சேர்த்தால் அது ஒரு முழு எழுத்தைக் குறிக்கும். அப்படிக் கிடைப்பவற்றை வரிக்கு ஒன்றாக வெளியிட்டு எண்ணினால் மூன்று கிடைக்கிறது. இதற்கு மொழிச்சூழல் யுடிஎஃப்-8 ஆக அமைந்திருக்க வேண்டும். புதிய வழங்கி ஒன்றில் அந்த அமைவு இல்லாமல், ஐந்து குறியீடுகள் என்று வர வேண்டிய இடத்திலும் 15 என்றே வந்ததைக் கண்ட பிறகு, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் முதல் சில வரிகளுக்குள் அதை வைத்துவிட்டேன்.

அந்தக் கோப்பின் உச்சியில் இருக்கும் வரி ஓர் இழப்பின் விளைவாக வந்தது. ஷெல் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பழமொழி தோன்ற வேண்டும் என்ற ஆசையில், கோப்பு ஒன்றில் பழமொழிகளைத் தொகுத்து, ஷஃப் கட்டளையால் ஒன்றை எடுத்துக் காட்டும்படி பாஷ்ஆர்சி கோப்பில் எழுதியிருந்தேன். வழங்கியிலும் அதே கோப்பைப் போட்டேன். மறுநாளிலிருந்து அந்த வழங்கிக்கு எஸ்சிபி மூலம் கோப்புகளை அனுப்ப முடியவில்லை. இரவில் தானாக நடக்க வேண்டிய காப்புநகலும் மூன்று நாள் நடக்கவில்லை. இரண்டாம் நாள் நான் திருத்திய மொழிபெயர்ப்பு ஒன்று அதனாலேயே போயிற்று. மனிதர் உட்கார்ந்து பயன்படுத்தாத, கோப்பு நகர்த்துவதற்கு மட்டும் திறக்கப்படும் தொலைநிலை ஷெல்லிலும் பாஷ் அந்தக் கோப்பைப் படிக்கிறது; அங்கே அச்சாகும் பழமொழியை எதிர்முனை, கோப்பு மாற்றத்துக்கான செய்தியாக எடுத்துக்கொண்டு குழம்பிவிடுகிறது. ஊடாடும் ஷெல் இல்லையென்றால் உடனே வெளியேறு என்று சொல்லும் ஒரு வரியைக் கோப்பின் தலையில் இட்டதும் எல்லாம் சரியாயிற்று. பழமொழிகள் இன்றும் வருகின்றன.

இந்தக் கோப்புகள் அனைத்தும், மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. குனூ ஸ்டோ என்ற கருவி அவற்றை வீட்டுக் கோப்பகத்தில் உரிய இடங்களோடு இணைத்துவிடுகிறது. 553 வரி கீமேப்பை நான் களஞ்சியத்தில் வைக்கவில்லை. அதை உருவாக்கும் சிறு நிரல்தான் இருக்கிறது. புதிய கணினியில் அதை ஒருமுறை ஓட்டினால் போதும். ஒவ்வொரு வரியையும் சேர்த்த காரணத்தைக் கமிட் செய்தியில் தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இட்ட ஓர் அமைவை நீக்கலாமா என்று யோசிக்கும்போது, அந்தச் செய்தியைப் படித்தால் அன்றைய தொல்லை நினைவுக்கு வந்துவிடுகிறது.

தீராமல் இருப்பது திரைத் தோற்றம். டெர்மினல் என்பது கட்டங்களால் ஆன தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது அதன் அடிப்படை. கொ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்பும், கால் அதற்குப் பின்பும் வர வேண்டும். பல டெர்மினல்கள் கொம்பை இடம் மாற்றி, புள்ளி வட்டத்தோடு காட்டுகின்றன. அகலக் கணக்கிலும் குழப்பம் உண்டு. யுனிகோடு அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் கொக்கியும் இடம் பிடிக்காத குறிகளாகவும், இகரக் கொக்கி, கால், கொம்பு ஆகியவை இடம் பிடிக்கும் குறிகளாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையே ஏன் இந்த வேறுபாடு என்று தமிழ் அறிந்த எவரும் கேட்பர். எடிட்டர் ஒரு கணக்கும் டெர்மினல் வேறொரு கணக்கும் போடும்போது, சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாக வரி பிசகுகிறது. ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு எழுத்து வரையும் கிட்டி போன்ற டெர்மினல்களில் வடிவம் மேம்பட்டாலும், பிசகு முற்றிலும் போவதில்லை. கன்ட்ரோலோடு எல் அழுத்தித் திரையை மறுபடி வரையச் சொல்கிறேன். குறுஞ்சொற்றொடர்களுக்கு இது தாங்கக்கூடியது. பத்தி பத்தியாக நீளும் உதவிப் பக்கங்களை மெய்ப்பு பார்க்க, 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தும் ஈமாக்ஸ் எடிட்டரின் வரைகலைச் சாளரத்தையே திறக்கிறேன். கோப்பை அங்கே அனுப்ப விம்மில் ஒரு விசை ஒதுக்கியிருக்கிறேன். கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்பதைப் பார்த்துத் திருத்திச் சேமித்ததும், விம்மின் ஆட்டோரீட் அமைவு மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது.